இடப்பக்கத்து நாற்பத்தைந்து

நான் வேலை பார்த்த படக்கடைப் பட்டறைக்குப் போன மாதம் புது மிஷின் வந்திருக்கிறது. சுவிட்சைத் தொட்டால் படச் சட்டத்தின் மேல் சிவப்பாக ஒரு கோடு விழுமாம், அந்தக் கோட்டில்தான் பிளேடு இறங்குமாம். அங்கே வேலை செய்யும் பெண்கள் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார்கள். "யம்மா, பழைய மிஷின்ல அத்தினி வருசம் வெட்டினீங்களாமே, ஒரு வெரலும் போவாம எப்பிடிம்மா?" என்று கேட்டார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து இருக்கிறது. எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில் எங்கள் கடை. முன்னால் கடை, பின்னால் பட்டறை. மலையேறி இறங்குகிறவர்கள் வள்ளி தெய்வானையோடு முருகன் படம் வாங்குவார்கள். ஆந்திராப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பெரிய படமாகக் கேட்பார்கள். தொண்ணூறுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் வேலை கண்ணாடி துடைப்பது, படத்துக்குப் பின்னால் அட்டை வைத்து ஆணி அடிப்பது. சட்டம் வெட்டுவது தாமு. அவர் முதலாளி தேவராஜின் மச்சினன். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், என்னை ‘யக்கா’ என்பார். மூன்று பக்கமும் அடைத்த மரத்தொட்டியில் சாய்வாகக் கீறல் போட்டிருக்கும். அதில் சட்டத்தை வைத்துக் கைரம்பத்தால் அறுப்பார். ஒரு நாளைக்குப் பதினைந்து படம் முடிந்தால் பெரிது.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. முடிந்த படத்தைக் கையில் எடுப்பார். கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் நாலு மூலையையும் ஒவ்வொன்றாகத் தடவுவார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் படம் கடைக்குப் போகும். நகம் எங்காவது தட்டினால், அந்தப் படத்தை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். பெரிய சத்தம் போடுகிற முதலாளிகளைப் பார்த்தவர்கள் எல்லாம், இவரிடம் வந்த பிறகு அந்தச் சத்தமே தேவலை என்பார்கள். குப்புறக் கிடக்கிற ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை வேலை செய்து பாருங்கள், தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் கழித்து அந்த மிஷினை வாங்கினார். வட்டப் பிளேடு, மேலே மோட்டார், கீழே திரும்புகிற இரும்பு மேசை. கைப்பிடியைப் பிடித்து அழுத்தினால் பிளேடு மேலிருந்து இறங்கி வெட்டும். மேசையை வலப்பக்கம் நாற்பத்தைந்து டிகிரி திருப்பி ஒரு முனை, இடப்பக்கம் நாற்பத்தைந்து திருப்பி மறு முனை. இந்த முனையும் அந்த முனையும் சேர்ந்தால் ஒரு மூலை. சொல்ல இவ்வளவுதான்.

மிஷின் விற்றவர்கள் சென்னையிலிருந்து ஓர் ஆளை அனுப்பினார்கள். காலை ரயிலில் வந்து, இரண்டு நாள் இருந்து தாமுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் ஐந்தடி தள்ளிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் எதைச் சொன்னாலும் தாமு, "தெரியும்பா, அப்பால?" என்றார். தெரியும் என்று சொல்லாமல் கேட்டவள் அங்கே நான் ஒருத்திதான்.

அந்த ஆள் சொன்னதை நான் வேலையை விடுகிற நாள் வரைக்கும் மாற்றவில்லை. மிஷின் பக்கம் போனால் முதலில் பிளக்கைப் பிடுங்கு. பிறகு பிளேடைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பல் எல்லாம் இருக்கிறதா பார். பிளேடை மூடியிருக்கும் மூடியை விரலால் தூக்கி விடு, அது தானாகத் திரும்பி விழ வேண்டும். பாதியில் நின்றால் அன்றைக்கு வெட்டாதே. சட்டத்தை மேசையிலும் பின்னால் இருக்கிற இரும்பு முதுகிலும் ஒட்டி வை, நடுவில் காற்றுப் போகக் கூடாது. நீளமான சட்டம் என்றால் தொங்குகிற முனைக்கு அதே உயரத்தில் ஒரு கட்டை கொடு. பிடிக்கிற கை பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். ஒரு சாணுக்குக் குறைவான துண்டைக் கையால் பிடிக்காதே, கிளாம்ப் என்கிற இறுக்கியில் மாட்டு. பிளக்கை மாட்டிச் சுவிட்சை அழுத்தி, சத்தம் ஒரே சீராக வரும் வரை காத்திரு. பிறகு மெதுவாக இறக்கு. வெட்டி முடிந்ததும் கையைத் தூக்காதே. கீழேயே வைத்துக்கொண்டு சுவிட்சை விடு, பிளேடு நிற்கட்டும், அப்புறம் தூக்கு.

கடைசியாகச் சொன்னதுதான் எல்லாருக்கும் கஷ்டம். வெட்டி முடிந்ததும் கை தானாக மேலே போகும். பிளேடு நிற்க நாலைந்து மூச்சு நேரம் ஆகும். அந்த நாலைந்து மூச்சுக்குப் பொறுமை இல்லாதவன் சுற்றுகிற பிளேடோடு தூக்குவான். வெட்டுப்பட்டுப் பக்கத்தில் கிடக்கிற முக்கோணத் துண்டைப் பல் கவ்வி எறியும்.

தாமு அப்படித்தான் தூக்கினார். போதாததற்கு, மூடி வெட்டுகிற கோட்டை மறைக்கிறது என்று செம்புக் கம்பியால் அதை மேலே தூக்கிக் கட்டியும் வைத்திருந்தார். ஒரு நாள் ஒரு முக்கோணம் பறந்து முதலாளியின் காதோரம் போய்ச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியை உடைத்தது. முதலாளி குனிந்து அந்தத் துண்டை எடுத்தார். முன்னும் பின்னும் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். "செங்கேணிம்மா, தாமு நகரிக்குக் கல்யாணத்துக்குப் போனப்ப மூணு நாளு நீங்கதான வெட்டினீங்க?"

"ஆங், முதலாளி."

"அந்த மூணு நாளு நான் ஒரு படத்தையும் கவுக்கல. ஒரு மாசம் வெட்டிப் பாருங்க. சரியா வந்தா மிஷினு உங்குளுது. வரலைன்னா பழையபடி கண்ணாடி."

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அந்த மூன்று நாளில் என் கைக்கு ஒன்று தெரிந்திருந்தது. கண்ணாடியை எவ்வளவு துடைத்தாலும் வாங்குகிறவன் பார்ப்பது படத்தைத்தான். மூலை அப்படியில்லை. இரண்டு சட்டம் ஒன்றாகிக் கோடே தெரியாமல் போகிறதைப் பார்த்தால், அதை நாம் செய்தோம் என்று தெரியும். எனக்கு அது வேண்டியிருந்தது. முப்பத்தொன்பது வயதில் முதல்முறையாக ஒன்றை வேண்டும் என்று நினைத்தேன்.

தாமு அன்றைக்கு என்னிடம் பேசவில்லை. மறுநாள் பேசினார். "ஏன்க்கா, மிஷினுக்குப் புடவை கட்டி வுடலாமா? உனக்குத் தோதா இருக்கும்."

புடவைக்கு மேல் என் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டு, முந்தானையை உள்ளே செருகி, கையை முழங்கைக்கு மேல் மடித்து, தாலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். வளையலைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டேன். கண்ணாடி துடைக்க என் இடத்துக்கு வந்த வசந்தா பதறிப்போனாள். "யக்கா, வூட்டுல மாமா குத்துக்கல்லாட்டம் கீறாரு, வெறுங்கையா நிக்கிறியே! யாராவது பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

"கையிருந்தாத்தான்டி வளையலு," என்றேன். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பேச்சு வந்தது. காலையில் வளையல் கழன்றதும் சாயங்காலம் ஏறினதும்தான் நடந்தது, பேச்சு தானாக நின்றது.

செம்புக் கம்பியை முதல் நாளே அறுத்துப் போட்டேன்.

மிஷினும் நம்மோடு பேசும் என்று அந்த மாதத்தில்தான் கற்றேன். வெட்டின இடம் கருகி வாசனை வந்தால் பிளேடில் பிசின் ஏறியிருக்கும், இல்லையென்றால் பல் மழுங்கியிருக்கும். அப்போது அழுத்தி இறக்கக் கூடாது, கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். மோட்டார் பக்கத்தில் நீலப் பொறி அதிகமாகப் பறந்தால் உள்ளே இருக்கிற கார்பன் கட்டை தேய்ந்துவிட்டது, ஜோடியாக இருக்கிற இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். எங்கள் தெருவில் ஆறு மணிக்கு மேல் கரண்ட் இளைத்துப் போகும், மோட்டார் முனகும். முனகுகிற மோட்டாரைக் கொண்டு வெட்டினால் பிளேடு சட்டத்துக்குள்ளேயே நின்று உதறும். ஆறு மணிக்கு மேல் நான் மிஷினைத் தொடமாட்டேன். "இன்னாக்கா, கவர்மெண்டு ஆபீசா?" என்பார் தாமு. ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கூட்டிப் பெருக்கப் போய்விடுவேன்.

அந்த மாதத்தின் நடுவில் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கடையில் பூஜைக்கு ஒரு வழக்கம். முதலாளி விடியற்காலையில் மலைக்குப் போய் சந்தனம் வாங்கி வருவார். யார் எந்த மிஷினில் வேலை செய்கிறார்களோ அவர்களே அதற்குப் பொட்டு வைக்க வேண்டும். மலைச் சந்தனத்தை யாரும் துடைக்கக் கூடாது, அது தானாகக் காய்ந்து உதிர வேண்டும். அந்த வருஷம் வெட்டு மிஷினுக்கு நான் வைத்தேன். முதல் நாளே மிஷினைத் துடைத்து வைத்திருந்தேன். மோட்டார் மேல் பெரிய பொட்டு, கைப்பிடியில் ஒன்று, மேசையின் முன் விளிம்பில் வலமும் இடமும் ஒவ்வொன்று. நடுவில் குங்குமம். நல்ல கெட்டியாக அப்பினேன். அன்றைக்கு மிஷின் ஓடவில்லை. மறுநாள் விஜயதசமிக்குச் சும்மா ஒரு வெட்டு வெட்டினோம்.

அதற்கடுத்த நாள் அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் பஸ்ஸில் வந்தார். நெசவாளர், தம்பி மகளுக்குக் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க நூறு முருகன் படம் வேண்டும் என்றார். எட்டு நாள் இருந்தது. நூறு படம் என்றால் நானூறு சட்டம். நான் வெட்டுவது, தாமு சேர்ப்பது, வசந்தா கண்ணாடியும் அட்டையும் போடுவது என்று முதலாளி பிரித்துக் கொடுத்தார். சேர்க்கிற வேலை பிறகு ஆரம்பிக்கலாம் என்று நான் இரண்டு நாளில் நூற்று அறுபது சட்டம் வெட்டிக் கட்டுக்கட்டாக வைத்துவிட்டேன். அது என் தப்பு. நாலு வெட்டிச் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் ஐந்தாவதை வெட்ட வேண்டும்.

மூன்றாம் நாள் காலை தாமு முதல் படத்தைச் சேர்த்தார். மூன்று மூலை அழகாக ஒட்டிக்கொண்டது. நாலாவது மூலை வாயைத் திறந்துகொண்டு நின்றது. தாமு காதில் இருந்த பென்சிலை எடுத்து அந்த இடைவெளியில் செருகினார். அது நின்றது.

"யக்கா, இங்க வந்து பாரு! ஒரு பக்கம் முருகரு, ஒரு பக்கம் பேனா ஸ்டாண்டு. ரெண்டும் சேத்து ஒரே விலைன்னு போர்டு எழுதிடலாம்."

வசந்தா சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். இன்னும் மூன்று சேர்த்தோம். மூன்றும் அதேபோல. முதலாளி வந்தார். நகத்தால் தடவக்கூட இல்லை. நாலையும் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பார்த்தா அந்தப் பெரியவர் மாதிரிப் படம் பார்க்க வரவேண்டும்? வந்தார். தாமு சொன்னார், "ஒண்ணும் இல்ல பெரியவரே, மரத்தூளும் பசையும் கொழைச்சி மூலையில அப்பி, மேல பெயிண்டு அடிச்சிட்டா அந்த முருகருக்கே தெரியாது."

பெரியவர் கோபப்படவில்லை. "நைனா, பொடவையில ஓட்டை கீதுன்னு கோந்து தடவிக் குடுத்தா உன் வூட்டுல வாங்குவாங்களா? கல்யாணத்துக்கு வர்றவங்க முக்காவாசிப் பேரு தறிக்காரங்க. ஒரு இழை வெலகினா எங்க கண்ணு நேரா அங்கதான் போவும். இதுல வெரலே போவுது." முதலாளியிடம் திரும்பி, "நாளான்னிக்கு வர்றேன். நல்ல மூலையா நாலு காமிங்க. இல்லன்னா நான் சென்னையிலயே பாத்துக்கறேன்" என்றார்.

அவர் போனதும் முதலாளி என்னைப் பார்த்தார். ஒரு மாதம் என்று சொன்னதில் பதினொரு நாள் பாக்கி இருந்தது.

அன்று முழுவதும் தேடினேன். பிளேடை மாற்றினேன். பிளேடு மேசைமேல் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன், நின்றது. இரும்பு முதுகு வளைந்திருக்கிறதா என்று நேர்க்கோலை வைத்துப் பார்த்தேன், வளையவில்லை. சட்டங்கள் கோணியிருக்குமோ என்று புதுக் கட்டு பிரித்தேன். அதில் வெட்டினாலும் பென்சில் போயிற்று. திருப்பின மேசை பூட்டிக்கொண்டதா என்று கைப்பிடியை ஆட்டிப் பார்த்தேன். பூட்டியிருந்தது. வெட்டும்போது அசைகிறேனா, என் கையா, என் கண்ணா என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மிஷின் ஓடுகிற சத்தம். உள்ளே போனால் தாமு. மூடியை மறுபடி கம்பியால் தூக்கிக் கட்டியிருந்தார். நான் வெட்டி வைத்த சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கண் மதிப்பில் கொஞ்சம் கோணலாகப் பிடித்து, முனையில் ஒரு இழை ஒரு இழையாகச் சீவிக்கொண்டிருந்தார். இழை சீவ வேண்டுமென்றால் கை பிளேடுக்குக் கிட்டே போக வேண்டும். அவருடைய கட்டைவிரலுக்கும் பல்லுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் சுற்றுகிற பிளேடோடுதான் கையைத் தூக்கினார்.

கூப்பிட்டால் திரும்புவார். திரும்பினால் விரல் போய்விடும். நான் வாசலிலேயே நின்றேன். பிளேடு முழுசாக மேலே ஏறி, அவர் அடுத்த சட்டத்தை எடுக்கக் குனிந்தபோது சுவரோரமாகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

பிளேடு சுற்றிச் சுற்றி நின்றது. தாமு நிமிர்ந்து பார்க்காமலே கத்தினார். "வசந்தா! கரண்டு பூட்ச்சா? அங்க ஃபேனு ஓடுதா?"

"ஃபேனு நல்லாத்தான் ஓடுதுண்ணா," என்றாள் வசந்தா, என்னைப் பார்த்துக்கொண்டே.

நான் பிளக்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றேன்.

தாமுவின் கண் ஒயரோடு வந்து என் பையில் முடிந்தது. "இன்னாக்கா இது வெளையாட்டு? குடு."

நான் கொடுக்கவில்லை.

"உன்னால ஆவல, நான் பண்றேன். ஆவாததுக்கு இன்னா ரோசம்? பாவா! பாவா, இங்க வந்து பாருங்க, மிஷினு கரண்ட பாக்கெட்டுல போட்டுகினு நிக்கிது!" முதலாளியை அவர் பாவா என்றுதான் கூப்பிடுவார்.

முதலாளி வந்தார். கம்பியைப் பார்த்தார். சீவின சட்டங்களைப் பார்த்தார். நான்கை எடுத்துச் சேர்த்துப் பிடித்தார். ஒரு மூலை ஒட்டியது, மறு மூலை இன்னும் மோசமாகத் திறந்தது.

நான் சொன்னேன். "முதலாளி, மிஷினுதான் கோணலா வெட்டுது. அதக் கண்டுபிடிக்காம முனைய முனைய சீவினா நூறு படத்துக்கும் சீவணும். அதுக்குள்ள ஒரு வெரலு போவும். எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க."

"நேத்து முழுக்கப் பாத்தீங்களே?"

"ஆங். நேத்து எல்லாத்தையும் ஒண்ணா பாத்தேன். இன்னிக்கு ரெண்டா பிரிச்சிப் பாக்கறேன்."

அவர் தாமுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு மணி நேரம். அப்பறம் தாமு கையில குடுத்துடுங்க. அதோட சரி." ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

இரண்டாகப் பிரிப்பது என்றால் என்ன என்று சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள். ஒரு மூலையில் வலப்பக்கம் வெட்டின முனை ஒன்று, இடப்பக்கம் வெட்டின முனை ஒன்று இருக்கிறது. மூலை திறந்தால் எந்த முனை பொய் சொல்கிறது என்று தெரியாது. படச் சட்டத்தில் பூ வேலை இருப்பதால் அதைப் புரட்ட முடியாது. அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற மட்டப் பலகைத் துண்டு எடுத்தேன். கம்பியை அறுத்தேன், மூடி விழுகிறதா பார்த்தேன், பிளக்கைப் போட்டேன். வலப்பக்கத்திலேயே இரண்டு துண்டு வெட்டினேன். பிளேடு நிற்கும் வரை இருந்தேன். பிளக்கைப் பிடுங்கிப் பையில் போட்டேன். ஒரு துண்டைப் புரட்டி இரண்டையும் சேர்த்து மூலைமட்டத்துக்குள் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு மயிரிழை வெளிச்சமும் வரவில்லை.

இடப்பக்கத்தில் அதே மாதிரி இரண்டு. சேர்த்து மட்டத்துக்குள் வைத்தேன். வெளிச்சம் வாளாக வந்தது.

"இடது பக்கம்," என்றேன். முதலாளி ஸ்டூலை முன்னுக்கு நகர்த்தினார். தாமுவும் எட்டிப் பார்த்தார்.

மேசையின் முன் விளிம்பில், அளவுக் கோடுகளுக்குக் கீழே சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். மேசையைத் திருப்பும்போது ஒரு இரும்பு நாக்கு அந்தப் பள்ளத்தில் விழுந்து நிற்கும். பிளக் பையில் இருக்க, மேசையை வலப்பக்கம் திருப்பினேன். நாற்பத்தைந்தில் ‘டொக்’ என்று விழுந்தது. இடப்பக்கம் திருப்பினேன். ‘தொப்’ என்றது. மறுபடி திருப்பினேன். தொப். பூட்டைத் திருகினால் இறுகத்தான் செய்கிறது, கையால் ஆட்டினாலும் ஆடவில்லை. ஆனால் நாக்கு பள்ளத்தின் அடிக்குப் போகவில்லை, பள்ளத்தின் கரையில் உட்கார்ந்திருக்கிறது.

குனிந்து பார்த்தேன். அந்தப் பள்ளத்தின் வாயில் ஒரு சந்தனப் பொட்டு.

வலப்பக்கத்துப் பொட்டு ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தது. இடப்பக்கத்துப் பொட்டு நேராக நாற்பத்தைந்தின் மேல். ஈரச் சந்தனம் வழிந்து பள்ளத்துக்குள் இறங்கி, அதன்மேல் மரத்தூள் படிந்து, நாக்கு இடித்து இடித்துக் கல்லாகியிருந்தது. தினமும் சாயங்காலம் பிரஷ் போட்டுத் தூள் தட்டினவள் நான். மலைச் சந்தனம் என்று பொட்டைச் சுற்றிச் சுற்றித்தான் தட்டியிருக்கிறேன். முதல் நாள் அவ்வளவு தேடியும் என் கண் அந்த இடத்துக்கு வந்து வந்து விலகிப் போயிருக்கிறது. சாமிப் பொருளுக்குள் கோளாறு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அது எப்படி அங்கே வந்தது என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

"தண்ணி கொண்டாடி," என்றேன் வசந்தாவிடம்.

"யக்கா! மலைச் சந்தனம்க்கா. கழுவாதக்கா. வெள்ளிக்கெழம வேற!"

நான் கைகூப்பி ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு துணியை நனைத்துப் பள்ளத்தின்மேல் வைத்தேன். ஊறினதும் கொண்டை ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுத்தேன். பள்ளத்தின் இரும்பைக் கீறிவிடக் கூடாது, கீறினால் அது வேறு கோணலாகும். எடுத்த சந்தனத்தை டம்ளர் தண்ணீரில் கரைத்து வசந்தா கையில் கொடுத்து, வாசலில் இருக்கிற துளசித் தொட்டியில் ஊற்றச் சொன்னேன். பழைய பல் பிரஷால் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்தேன். மேசையைத் திருப்பினேன்.

டொக்.

பிளக்கைப் போட்டு, இடப்பக்கத்தில் இரண்டு துண்டு வெட்டி மட்டத்துக்குள் வைத்தேன். வெளிச்சம் இல்லை. நாலு சட்டம் வெட்டினேன். தாமு வாங்கிச் சேர்த்தார். நாலாவது மூலைக்குப் பென்சிலை எடுத்தார், பார்த்தார், காதிலேயே வைத்துக்கொண்டார். முதலாளி எழுந்து வந்து நகத்தால் தடவினார். நாலு மூலையும். படத்தை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"தூளு அடைச்சிக்கிச்சா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பாதி நிஜம்தான். வசந்தாவும் தாமுவும் அந்தப் பொட்டு யார் வைத்தது என்று யோசிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பாக்கி இருந்த பத்து நாளை வாயை மூடிக்கொண்டு ஓட்டிவிடலாம். எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டமான காரியமும் இல்லை.

"தூளு அப்பறம்தான் அடைச்சிது, முதலாளி. மொதல்ல அடைச்சது நான் வெச்ச பொட்டு. ஆயுத பூஜையன்னிக்கு எங்க வெக்கறோம்னு பாக்காம வெச்சிட்டேன். நூத்தி அறுவது சட்டமும் என்னாலதான் கோணலாச்சி."

தாமுவின் வாய் திறந்தது. முதலாளி கையைக் காட்டினார், அது மூடிக்கொண்டது.

"அந்த நூத்தி அறுவது?" என்றார்.

"வீணாவாது. இடது முனைய மட்டும் திருப்பி வெட்டணும். ஒரு கட்டைய இறுக்கியில மாட்டி, எல்லாத்தையும் அதுல முட்ட வெச்சி வெட்டினா கை கிட்ட போவாது, எல்லாம் ஒரே நீளம் வரும். படத்துக்கு ஓரத்துல வெள்ளை கீது, சட்டம் ரெண்டு நூலு, கால் இஞ்சிதான், கொறைஞ்சா அதுல மறைஞ்சிடும்."

அவர் ஒரு சட்டத்தை எடுத்து முனையைப் பார்த்தார். பிறகு கேட்டார். "பொட்டு யாரு வெச்சாங்கன்னு நான் கேக்கவே இல்லியே. நீங்களா ஏன் சொன்னீங்க?"

எனக்குத் தரையைப் பார்த்துத்தான் பேச வந்தது. "சொல்லாம வுட்டா, வர்ற வருசம் வேற யாராவது இந்த மிஷின்ல வெட்டும்போது, அவங்களும் அங்கயே பொட்டு வெப்பாங்க முதலாளி."

அவர் ஸ்டூலைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வேற யாரு வெட்டப்போறாங்க?" என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

நான் முதல் கட்டைப் பிரித்தேன். தாமு எதிரில் நின்று சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஆறு மணிக்குள் நூற்று அறுபதும் முடிந்தது.